குமிழின் சூடு

சுருள்கூடத்தில் வோல்ட் அளவை யாரும் அளந்ததே கிடையாது. அது சோதனைப் படிவத்திலேயே அச்சடித்து வந்துவிடும்: மின்னழுத்தம் பன்னிரண்டு. சோதனைக்காரர் ஆம்பியர் மீட்டரை மாட்டி, முள் காட்டுகிற எண்ணை எழுத வேண்டும். பன்னிரண்டை அந்த எண்ணால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். எட்டாம் வகுப்புக் கணக்கு. நாலு வாட்டுக்குக் கீழே போனால் சிவப்பு முத்திரை, அதோடு கரண்டை நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் பிரம்மசக்தி இருநூற்றுப் பதினொரு சிவப்பு முத்திரை குத்தியிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு ஆள்.

ஆள் என்றால் முழு ஆள்தான், உடம்பு மட்டும் இல்லை. இனித் தேறாது என்று மருத்துவர்கள் கைவிரித்தவர்களை, மூச்சு நிற்கும் முன்பே, நினைவு, புத்தி, பேச்சு, கோபதாபம் உட்பட ஒரு தேங்காய் அளவுக் கம்பிச் சுருளுக்குள் இறக்கிவிடுவார்கள். கரண்டு ஓடுகிற வரை ஆள் இருப்பார். ஒரு நொடி நின்றாலும் போனது போனதுதான், திரும்ப வராது. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைக் கடல் கொண்டுபோன பிறகு மிஞ்சிய மேட்டில், நானூற்று முப்பது பேர் இப்படி வரிசை வரிசையாக மரப்பெட்டிகளுக்குள் இருந்தார்கள். ஆறாம் வரிசை, பதினேழாம் எண் பிரம்மசக்தியின் புருஷன் தவசிமுத்து.

அமாவாசைக்கு அமாவாசை கால் மணி நேரம் ஒலிபெருக்கியை மாட்டிக் குடும்பத்தாரைப் பேச விடுவார்கள். பேச்சு கரண்டைத் தின்னும், அதனால் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கிடையாது. மற்ற நாட்களில் சனங்களுக்கு இருந்தது குமிழ் மட்டும்தான். கூடத்து ஒயரும் சுருளும் சேருகிற இடத்தில், பெட்டிக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு பித்தளைக் குமிழ். வாசலில் செப்புப் பானையில் கடல் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதில் வலது கையை நனைத்து, ஈரக் கையோடு குமிழைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பன்னிரண்டு வோல்ட்தானே, ஷாக்கும் அடிக்காது ஒன்றும் செய்யாது.

புதுச் சுருளின் குமிழ் சில்லென்று இருக்கும். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ தினமும் தொட்டுத் தொட்டு வந்தால் ஒரு நாள் இளஞ்சூடு தட்டும். அன்றைக்கு 'உயிர் குடியேறிட்டு' என்று சர்க்கரைப் பொங்கல் வைத்து வரிசை முழுக்கக் கொடுப்பார்கள். சூடு வந்த குமிழ் மறுபடி ஆறினால் ஆள் போய்விட்டார் என்று பொருள். வெறும் சாவு என்றாலும் பரவாயில்லை. ஆறின சுருளுக்குள் மிச்சம் மீதி உயிர் இருட்டில் கிடந்து தவிக்கும் என்று நம்பினார்கள். அதனால் குடும்பத்தில் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல், பெட்டியின் பக்கவாட்டு விசையைக் கீழே இறக்கிவிட வேண்டும். கூடத்து விதியும் அதை அனுமதித்தது. அதிகாரிகளுக்கும் ஒரு வேலை மிச்சம் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை. மூன்றாம் வரிசையில் அன்னபாக்கியம் என்கிற அம்மாளின் சுருள். முள் பாயிண்ட் மூன்று ஆம்பியரில் நின்றது. நாற்பது ஓம், மூன்று புள்ளி ஆறு வாட். பிரம்மசக்தி முத்திரையைக் கையில் எடுத்தாள். அன்னபாக்கியத்தின் புருஷன் கோயில்பிச்சை எதிரே நின்றிருந்தார். எழுபது வயது, பழைய உப்பளத் தொழிலாளி.

"எம்மா, ஒரு நிமிசம் பொறுங்க. எனக்கு ஒண்ணு விளங்கல."

"சொல்லுங்கய்யா."

"அவளுக்குச் சத்து கொறஞ்சிட்டுன்னு சொல்லுதீங்க. ஆனா போன வருசத்துக்கு இந்த வருசம் குமிழு கூடத்தான சுடுது? சாகப்போறவளுக்கு எப்பிடிம்மா சூடு ஏறும்? நீங்களே தொட்டுப் பாருங்க."

சோதனைக்காரர்கள் குமிழைத் தொடுவதில்லை, அது குடும்பத்தாருக்கு உரியது. அந்தக் கிழவர் கண்ணைப் பார்த்துவிட்டு மறுக்க மனசில்லாமல் பிரம்மசக்தி தொட்டாள். சுட்டது. பன்னிரண்டு வருஷமாக ஓமையும் வாட்டையும் கட்டி அழுதவளுக்கு, சூடு எங்கேயோ அங்கேதான் வாட் செலவாகிறது என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"நாளைக்கு வாங்கய்யா. இன்னிக்கு முத்திரை குத்தல" என்று சொல்லிவிட்டு முத்திரையைப் பைக்குள் போட்டாள்.

கிழவர் போனதும் அடுத்த வரிசையில் இருந்த பொன்னுலிங்கத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர், பெரிய நக்கல் பேர்வழி.

"அண்ணே, வோல்ட் மீட்டர் ஒண்ணு வேணும்."

"வோல்ட் மீட்டரா? அது பன்னெண்டுன்னு அச்சடிச்சுத் தந்துட்டாவளே. ஆண்டவனே எழுதுனத நீ என்னத்துக்கு அளக்க?"

"கேலி இருக்கட்டும், கொண்டாங்க."

சாமான் அறையில் தூசி படிந்து கிடந்ததைத் தேடி எடுத்து வந்தார். பிரம்மசக்தி அன்னபாக்கியத்தின் பெட்டியைத் திறந்து, குமிழுக்கு இந்தப் பக்கம், சுருளின் இரண்டு ஸ்க்ரூவிலும் மீட்டர் முனைகளை வைத்தாள். முள் ஏழு புள்ளி இரண்டில் நின்றது. பொன்னுலிங்கம் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"மிச்சம் நாலே முக்கால் சொச்சம் எங்க போச்சு?" என்றார்.

"குமிழ்லதான். உள்ள துரு, பச்சைக் களிம்பு. கடல் தண்ணிக் கையால தெனமும் பிடிச்சா பித்தளை என்னாகும்? துருவுல கரண்டு முட்டி மோதித்தான் போவுது. அதான் சுடுது. கணக்குப் போடுங்கண்ணே. நாலு புள்ளி எட்டை பாயிண்ட் மூணால வகுங்க."

"பதினாறு ஓம்."

"அது துருவோட தடை. இப்போ ஏழு புள்ளி ரெண்டை வகுங்க."

பொன்னுலிங்கம் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வகுத்தார். இருபத்து நாலு. புதுச் சுருளை முதல் நாள் மாட்டும்போது இருக்கிற அதே இருபத்து நாலு. அவர் எழுதினதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ சுருளுக்கு ஒண்ணுமே ஆவலியா?"

"ஒண்ணும் ஆவலண்ணே. ஆள் முழுசா இருக்காவ. பட்டினி போட்டிருக்கோம், அவ்வளவுதான். ரெண்டு தடையையும் சேத்து நாப்பதுன்னு எழுதி, சுருள் கெட்டுப்போச்சுன்னு விசைய இறக்கிட்டோம்."

"எத்தன பேரு?"

"எங்கணக்குல எரநூத்திப் பதினொண்ணு."

"எங்கணக்குல நூத்தி எழுவது இருக்கும்" என்றார் பொன்னுலிங்கம். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் நக்கல் எதுவும் பேசவில்லை.

பிரம்மசக்திக்கு அழக்கூட நேரமில்லை. மறுநாள் காலை தவசிமுத்துவின் சோதனை. சொந்தக்காரரைச் சோதிக்கக் கூடாது என்பது விதி, பொன்னுலிங்கம்தான் அளக்க வேண்டும். போன மாதம் நாலு புள்ளி பூஜ்யம் எட்டு வாட். இந்த மாதம் நாலைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும். போன அமாவாசையில் அந்த மனுஷன் பெற்ற மகளின் பெயரைத் தேடிக் கால் மணி நேரத்தில் பாதியைத் தீர்த்துவிட்டார். "க... க..." என்று ஒலிபெருக்கியில் திணறினார். கனி என்று சொல்வதற்குள் மகள் அழுதுவிட்டாள். மின்கம்பத்தில் ஏறி நின்றுகொண்டே தெருவெல்லாம் கேட்க அரட்டை அடித்த மனுஷன்! அவரை இழுத்துப் பிடித்து வைப்பதற்காகவே பிரம்மசக்தி இந்த வேலையை விடாமல் இருந்தாள். வேறு ஆசை அவளுக்கு ஒன்றும் கிடையாது.

ஒரு மணிக்குக் கூடத்தைச் சாத்திவிட்டு மூன்று மணிக்குத்தான் சனங்களை உள்ளே விடுவார்கள். அவளும் பொன்னுலிங்கமும் ஆறாம் வரிசைக்குப் போனார்கள். குமிழைக் கழற்றித் துருவைச் சுரண்ட முடியாது, கழற்றினால் கரண்டு நின்றுவிடும். பிரம்மசக்தி ஒரு முழம் செப்புக் கம்பியை எடுத்தாள். ஒரு முனையைக் கூடத்து ஒயரில் கவ்வவிட்டு, பெட்டிக்குப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, மறு முனையைச் சுருளின் ஸ்க்ரூவில் வைத்து முறுக்கினாள். துருவை ஒதுக்கிவிட்டுக் கரண்டு சுற்றுவழியில் போகும்.

"ஏறுது சக்தி" என்றார் பொன்னுலிங்கம், மீட்டரைப் பிடித்துக்கொண்டு. "பாயிண்ட் மூணு மூணு... நாலு... அம்மாடி, பாயிண்ட் அஞ்சு!"

பன்னிரண்டு பெருக்கல் பாயிண்ட் ஐந்து, ஆறு வாட். பிரம்மசக்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுருளுக்குள் இறக்கிய அன்றைக்கு எப்படி இருந்தாரோ அப்படி இருக்கிறார் இப்போது. உள்ளே இந்த நேரம் கனியின் பெயரும், கல்யாணத்தில் மழை கொட்டியதும், கடன் சொல்லி வாங்கிய சைக்கிளும் பளிச்சென்று ஞாபகம் வந்திருக்கும். குமிழைக் கடைசியாக ஒரு தடவை தொட்டாள். பித்தளை அல்லவா, இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"கனிட்ட சொல்லிருவியா?" என்றார் பொன்னுலிங்கம்.

"அவ ஆறு மணிக்குத்தான் வேலை விட்டு வருவா. வாசல்லயே பிடிச்சுச் சொல்லிருதேன். இப்போ எஞ்சினீயர் சாரைப் பாக்கணும். மத்தவங்களுக்கும் வழி பண்ணணும்லா."

பொறியாளர் அமலதாஸ் அறை மாடியில். அவர் கெட்ட மனுஷன் இல்லை, களைத்த மனுஷன். பிரம்மசக்தி எழுதிக் காட்டிய எண்களை இரண்டு தடவை சரிபார்த்தார். மூன்றாம் தடவை பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எங்கம்மை ரெண்டாம் வரிசைல இருந்தாவ. எட்டாம் நம்பரு. முத்திரை குத்துனது நீதான் சக்தியம்மா."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடைசி அமாவாசையில, 'ஏல, கண்ணு தெரியலல, ஆனா நான் இருக்கேம்ல'ன்னு சொன்னாவ. நான் அத வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்." பேனாவை எடுத்தார். "சரி, கணக்குக்கு வருவோம். நானூத்தி முப்பது பேருக்கும் கம்பி போட்டா மொத்தம் எவ்வளவு?"

"எரநூத்திப் பதினஞ்சு ஆம்பியர் சார்."

"கூடத்துக்கு வாரது நூத்தம்பது. நூத்தி அறுபதத் தாண்டினா மெயின் விழுந்துரும். அத்தன பேரும் ஒரே அடியில போயிருவாவ. துரு இருக்கப்போய்த்தான் இத்தன பேரு இருக்காவ, தெரியுதா? ஊருக்குக் குடிதண்ணி மோட்டார் நாலு மணி நேரம்தான் ஓடுது. செத்தவங்களுக்குக் கூடக் கரண்டு குடுங்கன்னு நான் யார்ட்ட போய்க் கேக்க?"

"எல்லாருக்கும் போட வேண்டாம் சார். பானைய எடுத்துருவோம். குமிழத் தொடாதீங்கன்னு சொல்லுவோம். துரு ஏறாட்டி இருக்குறவங்க இப்பிடியே இருப்பாவ. வோல்ட்ட சுருள்ல வச்சு அளப்போம். சிவப்பு முத்திரைய நிறுத்துவோம். நாலு வாட்டுக்குக் கீழ போனா அவங்களுக்கு மட்டும் கம்பி."

"ஏற்கனவே முத்திரை வாங்குனவங்க வீடெல்லாம் திரண்டு வருமே. என்ன சொல்லுவ?"

"தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லுவேன் சார். அடிச்சா வாங்கிக்கிடுதேன்."

மணி மூன்று அடித்தது, நாலும் அடித்தது. அமலதாஸ் பழைய பதிவேடுகளை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில் சொன்னார்: "அறிக்கையா எழுது. பேரு, நம்பர், கணக்கு எல்லாம். நாளைக்குக் காலையில என் மேசைக்கு வந்துட்டா நான் கையெழுத்துப் போட்டு வாசல்ல ஒட்டிருதேன். மறைக்க மாட்டேன். எங்கம்மைக்கு அதுகூடச் செய்யாட்டி எப்பிடி?"

பிரம்மசக்தி மாடிப்படியிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்தை எழுதி முடித்தாள். மனசு லேசாக இருந்தது. மணி நாலரை. கனி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

கீழே வந்தபோது ஆறாம் வரிசையில் கூட்டமாக இருந்தது. சத்தமில்லை. யாராவது விசை இறக்கினால் வரிசைக் குடும்பங்கள் ஆளுக்கொரு தடவை வந்து இறக்கியவர் தலையில் கை வைத்துவிட்டுப் போவார்கள். அந்த மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பிரம்மசக்தி நடந்தாள். பதினைந்தாம் எண். பதினாறு. பதினேழின் முன்னால் நின்றாள்.

கனி தரையில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுப் பெண், வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. வலது கை ஈரமாக இருந்தது. பதினேழாம் எண் பெட்டியின் விசை கீழே இறங்கியிருந்தது.

"எம்மா" என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். "வாசல்ல நாளைக்குச் சோதிக்குற பட்டியல்ல அப்பா பேரு போட்டிருக்குன்னு சொன்னாவ. வேலைல இருக்க முடியலம்மா, ஓடி வந்துட்டேன். மூணு மணிக்குக் கதவத் திறந்ததும் முதல் ஆளா வந்து தொட்டேன். ஆறிப்போய்க் கெடந்துச்சும்மா. சில்லுன்னு இருந்துச்சு. ஒங்களத் தேடுனேன், மாடியில இருக்காவன்னாவ. நீங்க வாரவரைக்கும் அப்பாவ இருட்டுல தவிக்க விட முடியுமா? அதான்... நானே இறக்கிட்டேன்."

கம்பி போட்டால் துருவில் கரண்டு போகாது. போகாவிட்டால் குமிழ் சுடாது. இதைச் சொல்ல ஒரு சோதனைக்காரி வேண்டுமா? முக்கால் மணி நேரத்தில் பித்தளை ஆறிவிடும் என்று ஏன் தோன்றவில்லை? இருபத்து நாலு ஓமையும் பதினாறு ஓமையும் பிரிக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போய்விட்டதே! ஒன்பது வருஷத்தில் தவசிமுத்து முழுசாக விழித்திருந்தது ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேசாமலே, மகள் கையால் போனார்.

"நான் செஞ்சது சரிதானம்மா?" கனி முகத்தை நிமிர்த்திக் கேட்டாள். "பயமா இருந்துச்சு. ஆனா அப்பாவுக்காகத்தான் செஞ்சேன். சரிதானம்மா?"

கூட்டத்துக்குப் பின்னால் பொன்னுலிங்கம் நின்றிருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"சரிதாம்ட்டி" என்றாள் பிரம்மசக்தி. "நீ செஞ்சதுதான் சரி. அப்பா கஷ்டப்படாம போயிட்டாவ."

மகளை வாசல் பக்கம் அனுப்பிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுச் செப்புக் கம்பியைக் கழற்றிப் பைக்குள் சுருட்டி வைத்தாள். பொன்னுலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியவே கூடாது சக்தி."

"தெரியாதுண்ணே."

அன்றைக்கு வீட்டில் அறிக்கையின் முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசலில் ஒட்டினால் ஊர் முழுக்கப் படிக்கும். கனியும் படிப்பாள். குமிழ் சூடு உயிரில்லை, துரு என்று படிப்பாள். ஆறின குமிழ் சாவில்லை என்று படிப்பாள். அந்த இடத்தில் நிறுத்திவிட மாட்டாள், கணக்குத் தெரிந்த பெண். தாளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

காலையில் அமலதாஸ் மேசைக்கு வெறும் கையோடு போனாள்.

"வோல்ட் மீட்டர் பழசு சார். தப்பாக் காட்டியிருக்கு. நானும் அவசரப்பட்டுட்டேன்."

"நான் ரெண்டு தடவ கணக்குப் பாத்தேனே சக்தியம்மா" என்றார் அவர். அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஆறாம் வரிசைச் செய்தி அவருக்கும் வந்திருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சரி, போய் வேலையப் பாரு" என்றார். அவர் குரலில் வருத்தமும் இருந்தது, தப்பித்த நிம்மதியும் இருந்தது.

மூன்றாம் வரிசையில் கோயில்பிச்சை புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். நேற்று முத்திரை குத்தாதது பெரிய விஷயமாக அவருக்குத் தோன்றியிருந்தது போல.

பிரம்மசக்தி பையைத் திறந்தாள். முத்திரைக்குப் பக்கத்தில் செப்புக் கம்பி கிடந்தது. அதைப் போட்டால் அன்னபாக்கியத்தின் குமிழ் ஆறும். ஆறினால் இந்தக் கிழவரே விசையை இறக்குவார். இறக்காதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார், கேட்கத் தெரிந்த மனுஷர். ஏன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் கனி காதுக்குப் போய்விடும். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

மீட்டரை மாட்டினாள். பாயிண்ட் மூன்று. பன்னிரண்டு அச்சடித்திருந்தது. நாற்பது என்று எழுதினாள். மூன்று புள்ளி ஆறு என்று எழுதினாள். சிவப்பு முத்திரையை வைத்து அழுத்தினாள். அது இருநூற்றுப் பன்னிரண்டாவது.

கிழவர் சண்டை போடவில்லை. ஈரக் கையால் குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம்மா, விசைய இறக்குறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ நீங்களும் தொட்டுப் பாருங்க. இன்னும் சுடுதுல்லா?"

பிரம்மசக்தி தொட்டாள்.

"ஆமாய்யா" என்றாள். "நல்லாச் சுடுது."